கழற்றச் சொன்னதும் நீங்களே, கழற்றியது தப்பு என்பதும் நீங்களே

கோபிசெட்டிபாளையம்,
10.01.2026

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்

பொருள்: வாட்டர் ஹீட்டர் வேலை செய்யாதது, அதைவிட மோசமாக உங்கள் ஆட்கள் வேலை செய்யாதது

ஐயா,

வணக்கம். கோபி பக்கத்தில் மளிகைக்கடை வைத்திருக்கிறேன். 2024 தீபாவளிக்கு உங்கள் ஹீட்டரை வாங்கினேன். அந்த நீலப்பட்டை போட்டதுதான், உங்களுக்குத் தெரியாததா? இரண்டு வருட வாரண்டி இன்னும் முடியவில்லை. கடை முத்திரை போட்ட அட்டையின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன்.

கார்த்திகை கடைசியில் ஒரு நாள் காலை சிவப்பு விளக்கு எரிகிறது, குழாயில் பச்சைத் தண்ணீர் வருகிறது. சுவிட்சைப் போட்டு அணைத்துப் பார்த்தோம், அரை மணி நேரம் காத்திருந்தோம். ஒன்றும் ஆகவில்லை. உங்கள் நம்பருக்குப் போன் செய்தால் தமிழுக்கு 2 அழுத்தச் சொல்கிறது. அழுத்தினால் ஒருவர் இந்தியில் பேசுகிறார். மூன்றாவது முறைதான் தமிழ் கிடைத்தது. ஆள் வருவார் என்றார்கள். கடையை அடைத்துவிட்டு நாள் பூராவும் உட்கார்ந்திருந்தேன், ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. சாயங்காலம் 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது, ஐந்து நட்சத்திரம் தாருங்கள்' என்று மெசேஜ் மட்டும் வந்தது.

சரி, அதைக்கூட விடுங்கள். ஈரோட்டில் உங்கள் சர்வீஸ் சென்டரில் முன்னால் உட்கார்ந்திருக்கிற பையனைப் பற்றித்தான் முக்கியமாக எழுத வந்தேன். 'ஹீட்டரைக் கழற்றி நேரில் கொண்டு போங்க, அன்றைக்கே சரி பண்ணிடுவாங்க' என்று சொன்னது உங்கள் போன்காரர்கள்தான். அதை நம்பி மெயினை அணைத்து, சுவரிலிருந்து இறக்கி, சாக்கில் கட்டி, பஸ்ஸில் லக்கேஜ் டிக்கெட் போட்டு, கவுந்தப்பாடி, சித்தோடு வழியாக மடியில் குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு போனேன். அந்தத் தம்பி ஒரு காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, சாக்கைப் பேனா நுனியால் தள்ளிப் பார்த்துவிட்டு, 'யாரு உன்னைக் கழட்டச் சொன்னது?' என்றான். உங்கள் கம்பெனிதான் என்றேன். 'அப்ப சொன்னவங்ககிட்டயே கொண்டுபோய்க் குடு. கழட்டின பீஸுக்கு வாரண்டி இல்லை' என்றான்.

எனக்கு 56 வயது. ஈரோட்டுப் பக்கம் பிறந்து வளர்ந்த பையன் வாயில் பேருக்குக்கூட ஒரு 'ங்க' வரவில்லை. எங்கள் ஊரில் கடன் கேட்டு வருகிறவனைக்கூட 'நாளைக்கு வாங்க' என்றுதான் அனுப்புவோம். காசு கொடுத்துப் பொருள் வாங்கியவனுக்கு அந்த இரண்டு எழுத்துகூடக் கிடையாதா? அதே சாக்கோடு திரும்பி வந்தேன். பஸ்ஸில் உட்கார இடம்கூட இல்லை.

இதற்கு முன்னால் ஒரு மெக்கானிக்கை அனுப்பினீர்கள், அதைச் சொல்ல விட்டுவிட்டேன். அன்றைக்கும் கடை அடைப்புத்தான். அவர் கீழ்மூடியைக்கூடக் கழற்றவில்லை. 'உப்புத் தண்ணி, தண்ணி காய்ச்சுற எலிமென்ட் போயிருச்சு, வாரண்டி வராது, 2,350 ரூபாய் ஆகும்' என்று நின்றபடியே தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். எங்கள் போர் தண்ணீர் உப்புத்தான், மறுக்கவில்லை. ஆனால் அது தென்னைக்கும் மாட்டுக்கும் மட்டும். குளியலறைக்கு வருவது பவானி ஆற்றுத் தண்ணீர். ஈரோட்டுக்குக் கிளம்புவதற்கு முன் ஹீட்டரில் இருந்ததைப் பக்கெட்டில் வடித்துப் பார்த்தோம். உப்புத் தண்ணீர் என்றால் படிந்திருக்க வேண்டிய சுண்ணாம்புப் பொருக்கு ஒன்றுகூட இல்லை.

எங்கள் ஊர் வயர்மேன் பத்தாவது படித்தவர். உங்கள் ஆள் செய்யாததை, ஹீட்டர் சுவரில் இருந்தபோதே அவர் செய்தார். பிளக்கில் 230 வோல்ட் சரியாக வருகிறது என்று முதலில் மீட்டரில் காட்டினார். மெயினை அணைத்து, மூடியைத் திறந்து, எலிமென்ட்டின் இரண்டு முனையிலும் மீட்டரை வைத்தார். 26 ஓம் காட்டியது. 2000 வாட்ஸ் எலிமென்ட்டுக்கு அவ்வளவுதான் வரவேண்டுமாம். எரிந்து போயிருந்தால் எதுவும் காட்டாதாம். அப்புறம் சூடு மீறினால் கரண்டை நிறுத்துகிற கட்டவுட்டில் இருக்கிற சின்னப் பொத்தானை அழுத்தினார். டக்கென்று ஒரு சத்தம். சுடுதண்ணீர் வந்துவிட்டது! மறுநாள் குழாயைத் திறந்தால் ஆவியும் தண்ணீருமாகச் சீறியது, அதோடு மறுபடி நின்றுபோனது. தெர்மோஸ்டாட் சூட்டை நிறுத்தாததால் தண்ணீர் கொதிக்கிறது, அதனால்தான் கட்டவுட் விழுகிறது, இனிமேல் பொத்தானை அழுத்தவே கூடாது என்று பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டார். ஹீட்டர் செய்கிற உங்களுக்கு இது தெரியாமல் இருக்குமா? தெரிந்துகொண்டே எலிமென்ட் விற்கப் பார்க்கிறீர்களா?

மூன்று நாள் கடையை அடைத்ததில் லட்ச ரூபாய் வியாபாரம் போய்விட்டது. தவணைக்காரர்கள் எல்லோரும் எதிர்க்கடைக்குப் போய்விட்டார்கள், இனித் திரும்பி வருவார்களா என்று தெரியாது. என் அம்மாவுக்கு 78 வயது. இந்த மார்கழிக் குளிரில் அஞ்சு மணிக்கு எழுந்து தென்னமட்டையைப் பற்றவைத்து அண்டாவில் தண்ணீர் காய்ச்சுகிறது. 'கரண்டு வந்தும் நெருப்பூதற பொழப்புப் போகலியே சாமி' என்று அது கண்ணைத் துடைக்கும்போது, புகையினாலா என்று எனக்குத் தெரியவில்லை.

உங்கள் கம்பெனி மேல் எனக்குக் கோபம் கிடையாது. நல்ல பொருள் என்று சொல்லி மருமகன் வீட்டுக்கும் நான்தான் வாங்கிக் கொடுத்தேன். தயவுசெய்து கவனியுங்கள். ஆனால் ஏழு நாளைக்குள் பதில் வரவில்லை என்றால் நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்வேன். அதற்கும் அசையாவிட்டால் ஈரோடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 5 லட்சம் வரை விலையுள்ள பொருளுக்கு அங்கே கட்டணமே கிடையாது என்று விசாரித்து வைத்திருக்கிறேன். அந்தப் பையன் பேசியதையும் ஒரு எழுத்து விடாமல் எழுதிக் கொடுப்பேன்.

நான் கேட்பது பெரிய காரியமில்லை. விஷயம் தெரிந்த ஒருவர் வரவேண்டும், மூடியைத் திறந்து பார்க்கவேண்டும், தெர்மோஸ்டாட்டைக் காசு வாங்காமல் மாற்றவேண்டும். கழற்றச் சொன்னது நீங்கள் என்பதால் சுவரில் திரும்ப மாட்டித் தருவதும் உங்கள் பொறுப்பு. அந்தப் பையன் போனில் ஒரு வார்த்தை வருத்தம் சொன்னால் போதும், நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

இப்படிக்கு,
வாரண்டி அட்டையில் உள்ள வாடிக்கையாளர்

பி.கு.: மதியம் 1 மணியிலிருந்து 3 மணிக்குள் வரச் சொல்லுங்கள், இன்னொரு நாள் கடை அடைக்க என்னால் ஆகாது. ஹீட்டர் திண்ணையில் அதே சாக்கில்தான் இருக்கிறது. பழைய ஆங்கர் போல்ட் ஒன்று கழற்றும்போது மரை போய்விட்டது, வருகிறவர் இரண்டு எடுத்து வரட்டும்.