அந்த 135ஐ விற்காதே

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த செய்தியை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். இங்கே அனைவரும் நலம். எனக்கு முழங்கால் வலி வந்து வந்து போகிறது, வேலை நிற்கவில்லை.

அப்பாவின் மாஸி ஃபெர்குசன் 135 டிராக்டரை விற்பதா, வைத்துக்கொள்வதா என்று கேட்டிருந்தாய். விற்காதே. புதுச் சாயம் அடித்துக் கொட்டகையில் காட்சிக்கு நிறுத்தியும் வைக்காதே. பழைய டிராக்டரை உழைப்பைவிட ஓய்வுதான் அதிகம் கெடுக்கிறது. நின்றுகொண்டே இருந்தால் டீசல் தொட்டியின் அடியில் தண்ணீர் சேரும். எண்ணெய் வடிந்துபோன சிலிண்டரில் துரு ஏறும், ரப்பர் சீல்கள் காய்ந்து வெடிக்கும். இன்ஜின் நன்றாகச் சூடேறும்வரை அடிக்கடி வேலை வாங்கு. இந்தத் தொல்லைகளில் பெரும்பகுதி எட்டிப் பார்க்காது.

1964இல் வெளிவந்த ரகம் அது. மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ் டீசல் இன்ஜின் என்றால் ஏறக்குறைய 45 குதிரைத்திறன். இன்றைய வண்டிகளுக்கு முன்னால் குறைவுதான். ஆனால் நமக்கு அன்றாடம் என்ன வேலை? எரு ஏற்றிப் போவது, விறகு இழுப்பது, புல் வெட்டுவது, மழையில் அரித்த பாதையைச் சமன் செய்வது. அதற்கெல்லாம் இது தாராளம். பெரிய வண்டி திரும்ப முடியாத மரங்களுக்கு நடுவே இது புகுந்து வரும். பெருநிலத்தை நாள் முழுக்க உழவேண்டும் என்றால் மட்டும் வேறு வண்டியைப் பார்.

அந்த வண்டியில் எனக்கு மிகவும் பிடித்தது, எண்ணெய் அழுத்தத்தால் கலப்பையைத் தூக்கி இறக்கும் அதன் ஹைட்ராலிக் அமைப்பு. ஹாரி ஃபெர்குசனின் மூளையில் உதித்தது. கலப்பை இறுகிய மண்ணில் மாட்டும்போது, அதை வண்டியோடு சேர்க்கும் மேல் இணைப்புத் தண்டு முன்னோக்கி அழுத்தும். அந்த அழுத்தம் ஒரு ஸ்பிரிங் வழியாக உள்ளே போய் வால்வை அசைக்கும். கலப்பை இம்மியளவு மேலே எழும். மண் இளகியதும் தானாகவே இறங்கும். இத்தனைக்கும் மின்சாரம்கூடத் தேவையில்லை. எந்தப் பழுது வந்தாலும் பொறுமையாகத் தேடினால் காரணம் கைக்கு அகப்படும். நான் புது வண்டி பக்கம் போகாததற்கு இது ஒன்றே போதும்.

நீண்ட நாள் நின்ற வண்டி என்பதால் சாவியை உடனே திருப்பிவிடாதே. தொட்டியை வடித்துக் கழுவு. இன்ஜின் எண்ணெயையும் எல்லா ஃபில்டர்களையும் மாற்று. பின்பக்கத்து எண்ணெயைக் கொஞ்சம் இறக்கிப் பார். கியருக்கும் ஹைட்ராலிக்குக்கும் அங்கே ஒரே எண்ணெய்தான். கியர் கம்பியின் ரப்பர் உறை கிழிந்திருந்தால் மழைத்தண்ணீர் இறங்கி எண்ணெய் பால்போல வெளுத்திருக்கும். அப்படியிருந்தால் முழுவதும் மாற்றியே ஆகவேண்டும். பிறகு டீசலை நிறுத்தும் கம்பியை இழுத்து வைத்துக்கொண்டு, எண்ணெய் அழுத்த முள் எழும்வரை இன்ஜினை விட்டுவிட்டுச் சுழற்று. ஃபில்டர் மாற்றியதால் குழாய்களில் காற்று நிற்கும். முதலில் ஃபில்டரிலும், அடுத்துப் பம்பிலும், கடைசியாக இன்ஜெக்டர் குழாய்களிலும் திருகைத் தளர்த்தி வெளியேற்ற வேண்டும். என் மகள் இப்போது இதை நான் பக்கத்தில் இல்லாமலே செய்கிறாள். எனக்கு எத்தனை மகிழ்ச்சி தெரியுமா!

பாதுகாப்பு விஷயத்தில் மட்டும் பழமையைப் போற்றாதே. ஸ்வீடனில் 1959இலேயே புதிய டிராக்டர்களுக்கு, வண்டி கவிழ்ந்தாலும் ஓட்டுபவரைக் காக்கும் இரும்புச் சட்டகத்தைக் கட்டாயமாக்கினார்கள். மற்ற பல நாடுகள் வெகுகாலம் கழித்துத்தான் விழித்துக்கொண்டன. உன் வண்டியில் அது இல்லையென்றால், அந்த வண்டிக்கென்றே சோதித்துச் செய்த சட்டகத்தை வாங்கிப் பொருத்து, இருக்கைப் பட்டையும் சேர்த்து. மரத்துண்டை இழுக்கும்போது சங்கிலியைத் தாழ்ந்த இழுவைக் கொக்கியில் மட்டுமே மாட்டு. மேலே மாட்டினால் முன்சக்கரம் தூக்கி, நீ கிளட்சைத் தேடுவதற்குள் வண்டி பின்பக்கமாகப் புரண்டுவிடும். செல்ஃப் மோட்டாரின் முனைகளைத் தரையில் நின்றபடி ஸ்பேனரால் தொட்டுக் கிளப்பும் பழக்கத்தை யார் சொல்லிக் கொடுத்தாலும் ஏற்காதே. கியரில் கிடந்தால் வண்டி உன் மேலேயே ஏறும்.

கிளட்ச் ஒரே நிலையா, இரண்டு நிலையா என்று பார்த்து எழுது. இரண்டு நிலை என்றால் பாதி மிதித்தால் வண்டி நிற்கும், புல் வெட்டி சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரே நிலை என்றால் கிளட்சை மிதித்த பிறகும் புல் வெட்டியின் வேகம் வண்டியை முன்னே தள்ளும், அதற்கு, இன்ஜினின் சுழற்சியைப் புல் வெட்டிக்குக் கொடுக்கும் பி.டி.ஓ. தண்டில் ஒருவழி கப்ளிங் ஒன்று போடவேண்டும். என்னிடம் உபரியாக ஒன்று இருக்கிறது, பொருந்தினால் அனுப்புகிறேன்.

பேத்திக்கு என் ஆசிகள்.

அன்புடன்,
உன் நண்பன்