நடைப்பயிற்சிச் சங்கத்தின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, காலைக் குழு, மாலைக் குழு உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை நம் சங்கம் செய்ததையும் செய்யாமல் விட்டதையும் செயலாளர் என்ற முறையில் இந்தப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். போன வருட அறிக்கை ஒன்றரைப் பக்கத்தில் முடிந்துவிட்டது, அதிலும் பாதி நன்றியுரை என்று ஓர் உறுப்பினர் குறைபட்டுக்கொண்டார். இந்த முறை நீளமாகவே இருக்கும். டீ வர எப்படியும் அரை மணி நேரம் ஆகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காலைக் குழுவைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வழக்கம்போல ஐந்து மணிக்குக் கிளம்பினோம், ஆறேகாலுக்குத் திரும்பினோம். ஏப்ரல் கடைசியிலும் மே தொடக்கத்திலும் வெயில் கொளுத்தியபோது நாலரைக்கே கிளம்பினோம். மாங்காய் சீசன் வந்ததும் மண்டிக்காரர்களும் தோட்டக்காரர்களும் காணாமல் போனார்கள். மாங்கூழ் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் பார்ப்பவர்கள் எதிரே வந்து கையசைத்துவிட்டுத் தூங்கப் போனார்கள். கிருஷ்ணகிரியில் சங்கம் நடத்துகிறவன் மே, ஜூன், ஜூலை மாதங்களில் வருகைப் பதிவேட்டைத் திறக்கவே கூடாது.

நடை முடிந்ததும் டீக்கடையில் போண்டா சாப்பிடுவதை நிறுத்த வேண்டும் என்று செயற்குழுவில் ஒரு தீர்மானம் வந்தது. காரசாரமான விவாதத்துக்குப் பின் தோற்றது. எதிர்த்துக் கை தூக்கியவர்களில் நானும் ஒருவன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

2024 ஜூன் கடைசியில் செய்தித்தாள்களில் ஓர் ஆய்வு வந்தது. லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் உலக சுகாதார நிறுவன ஆய்வாளர்களும் சேர்ந்து வெளியிட்டது. 2022 நிலவரப்படி இந்தியாவில் வயது வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்குப் போதிய உடலுழைப்பு இல்லை. ஆண்களில் 42 சதவீதம், பெண்களில் 57 சதவீதம். போதிய உழைப்பு என்றால் மலை ஏறுவதெல்லாம் இல்லை, வாரத்துக்கு 150 நிமிடம் கொஞ்சம் வேகமான நடை இருந்தாலே போதும். இதை டீக்கடையில் உரக்கப் படித்த நம் தலைவர், பேப்பரை மடித்துவிட்டுச் சுற்றிலும் பார்த்தார். உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் ஆண்கள். அத்தனை பேரும் ஏற்கெனவே நடக்கிறவர்கள். "இதுல சொல்ற ஆளுங்க ஒருத்தர்கூட நம்ம சங்கத்துல இல்லையே. அப்புறம் நாம யாருக்குச் சங்கம் நடத்துறோம்?" என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. போண்டா ஆறிப்போனது.

வீட்டில் இதைச் சொன்னபோது என் மனைவி சிரித்தார். "அஞ்சு மணிக்கு நீங்க வாசலைத் தாண்டிடுறீங்க. அந்த நேரத்துல எனக்கு டிபன், பசங்களுக்குச் சாப்பாட்டு டப்பா, தண்ணி வர்ற நாளா இருந்தா குடம். நான் எங்க நடக்கிறது?" என்றார். சங்கம் தொடங்கிய நாளிலிருந்து 'பெண்களும் வரலாம்' என்று விளம்பரப் பலகையில் எழுதி வைத்திருக்கிறோம். வருகிற நேரத்தை மட்டும் நாமே முடிவு செய்துவிட்டோம்.

இப்படித்தான் மாலைக் குழு தொடங்கியது. சாயங்காலம் ஐந்து மணி. பழைய பேட்டையில் கிளம்பி, மலையடிவாரம் பக்கம் போய்த் திரும்புவது, அரை மணி நேரம், அவ்வளவுதான். ஆடி மாதத்தில் தொடங்க வேண்டாமே என்று இரண்டு பேர் சொன்னார்கள். நடப்பதற்கு என்ன முகூர்த்தம் என்று தொடங்கிவிட்டோம்.

ஆட்கள் எப்படி வந்தார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும். நோட்டீஸ் அடித்தோம், வாட்ஸாப்பில் போட்டோம், ஒருவரும் வரவில்லை. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது என்பது உங்களுக்குத் தெரியும். அந்தத் திட்டத்தில் வீடு வீடாகப் போய் பிரஷர், சுகர் பார்த்து மாத்திரை கொடுக்கும் தன்னார்வலர் அக்கா ஒருவரைப் போய்ப் பார்த்தேன். "நடங்கன்னு எல்லா வீட்லயும் சொல்றேன் சார். எங்க நடக்கிறது, யாரோட நடக்கிறதுன்னு திருப்பிக் கேட்டா எனக்குப் பதில் இல்ல" என்றார். அடுத்த வாரம் அவரே ஐந்து பேரை அழைத்து வந்தார். நோட்டீஸுக்குச் செலவழித்த பணம் கணக்கில் இருக்கிறது, யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது.

முதல் வாரம் நான்தான் வழிநடத்தினேன். அதுதான் தவறு. பதினைந்து வருடம் காலையில் நடந்த கால், பேச்சு சுவாரசியத்தில் தன் வேகத்துக்குப் போய்விட்டது. திருப்பத்தில் நின்று பார்த்தால் பின்னால் இரண்டு பேர்தான் வருகிறார்கள். திரும்பி ஓடினேன். வயதான ஒரு அம்மா சிறுபாலத்துக் கட்டையில் உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் வியர்வை, கை நடுங்குகிறது. சுகர் மாத்திரை போட்டுவிட்டு மதியம் சரியாகச் சாப்பிடாமல் வந்திருக்கிறார். பக்கத்துப் பெட்டிக்கடைக்காரர் சர்க்கரைத் தண்ணீர் கலக்கிக் கொடுத்தார். பத்து நிமிடத்தில் தெளிந்தது. எழுந்தவர் என்னைப் பார்த்து, "தம்பி, நீங்க வாக்கிங் போயிட்டு வாங்க. நான் வீட்டுக்குப் போறேன்" என்றார். கோபம் இல்லாமல்தான் சொன்னார். மறுநாள் அவர் வரவில்லை. அவரோடு வந்த மூன்று பேரும் வரவில்லை.

அந்த வாரம் நம் உறுப்பினர் ஒருவரின் மகள் இங்கிலாந்திலிருந்து போனில் பேசினார். அங்கே செவிலியராக இருக்கிறார். நடந்ததைக் கேட்டுவிட்டு, அங்கே இதற்கென்றே ஒரு முறை இருக்கிறது என்றார். ஆக்ஸ்ஃபோர்டுஷைரில் சானிங் காமன் என்ற கிராமத்தில் வில்லியம் பேர்ட் என்கிற குடும்ப மருத்துவர், 1990-களின் நடுவில் தன் நோயாளிகளுக்காகத் தொடங்கிய 'ஹெல்த் வாக்' அது. பிறகு நாடெங்கும் பரவியது. நடத்துகிறவர்கள் எல்லோரும் உள்ளூர்த் தன்னார்வலர்கள். முன்னால் ஒருவர் வழிகாட்டுவார், எல்லோருக்கும் பின்னால் ஒருவர் வருவார். பின்னால் வருகிறவரைத் தாண்டி யாரும் பின்தங்க முடியாது. புதிதாக வருகிறவர்களுக்குப் பத்து நிமிட நடைகூட உண்டு.

கேட்கும்போது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. ஆனால் மாலைக் குழுவைக் காப்பாற்றியது இது ஒன்றுதான். நாம் அந்தப் பொறுப்புக்கு 'கடைசி ஆள்' என்று பெயர் வைத்தோம். முதலில் யார் என்று கேட்டபோது, பழைய பேட்டைத் தையல்காரர் அண்ணன் கை தூக்கினார். "எனக்கு முட்டி வலி. நான் எப்படியும் கடைசியாத்தான் வருவேன். அதுக்கு ஒரு பதவி குடுத்தா வேண்டாம்னா சொல்லப்போறேன்?" என்றார். அடுத்த நாள் தோளில் மாட்டுகிற மாதிரி ஒரு காக்கிப் பை தைத்துக்கொண்டு வந்தார். குளுக்கோஸ் பாக்கெட், நாலு மிட்டாய், தண்ணீர் பாட்டில், டார்ச், குடை, எல்லாவற்றுக்கும் தனித்தனி அறை. அவரே போய் அந்த அம்மாவையும் கூட்டிவந்தார். என்ன சொல்லிக் கூட்டிவந்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. செயலாளர் வரமாட்டார் என்று சொல்லியிருக்கலாம்.

வேகம் பற்றிப் பல சந்தேகங்கள் வந்தன. நமக்கு ஆலோசனை சொல்லும் மருத்துவர் எளிமையாகச் சொன்னார்: நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அன்றிலிருந்து ஓர் அக்கா தினமும் ஒரு வரி பாடிப் பார்க்கிறார். பாட வந்தால் வேகம் கூட்டுகிறோம். செல்போனில் 10,000 அடி காட்டவில்லையே என்று வருத்தப்பட்டவர்களுக்கும் ஒரு செய்தி. அந்தக் கணக்கு மருத்துவமனையில் பிறந்தது இல்லை. 1965-இல் ஜப்பானில் இடுப்பில் மாட்டும் ஓர் அடி எண்ணும் கருவிக்கு 'பத்தாயிரம் அடி மீட்டர்' என்ற பொருளில் வைத்த பெயர் அது. விற்பனைக்கு வசதியான எண். அதற்குக் குறைவாக நடந்தாலும் பலன் உண்டு.

செருப்பு விஷயம் நான் எதிர்பார்க்காதது. புடவைக்குக் கீழே ஷூ போட்டால் தெருவே பார்க்கும் என்று பலர் ரப்பர் செருப்பில் வந்தார்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் காலில் உணர்ச்சி குறையும், கொப்புளம் வந்தாலே தெரியாது. பின்வார் வைத்த எம்.சி.ஆர். செருப்பு, அதாவது மெத்தென்ற ரப்பர் அடி வைத்த செருப்பு, மொத்தமாக வாங்கி, அசல் விலைக்கே கொடுத்தோம். சங்கம் இந்த வருடம் செய்த செலவில் இதைப் பற்றி மட்டும் யாரும் கேள்வி கேட்கவில்லை.

அரசின் 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டம் 2023 நவம்பரில் தொடங்கியதிலிருந்து, மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை நடைகளுக்குக் காலைக் குழு போய்வருகிறது. மாலைக் குழுவில் பலருக்கு 8 கிலோமீட்டர் என்று கேட்டதுமே தலை சுற்றியது. முழுதும் நடக்க வேண்டியதில்லை, முடிந்த இடத்தில் திரும்பலாம், மருத்துவ முகாமில் சுகரும் பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்ன பிறகு சிலர் வந்தார்கள்.

அக்டோபரில் சையத் பாஷா மலைக்குப் போனோம். 1791-இல் கம்பெனிப் படை கீழே பேட்டையைப் பிடித்துவிட்டு, மேல்கோட்டையைப் பிடிக்க முடியாமல் திரும்பிய மலை. நாமும் மேலே போகவில்லை. ஏறின வரைக்கும் ஏறி, நிழல் பார்த்து உட்கார்ந்து, புளியோதரை சாப்பிட்டு இறங்கினோம். நம் தரப்பில் சேதம் ஒரு செருப்பு வார்.

டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியதும், நிறுத்தியிருந்த வண்டிகளை வெள்ளம் உருட்டிக்கொண்டு போனதும் எல்லோரும் பார்த்ததுதான். ஒரு வாரம் நடை இல்லை. உறுப்பினர்கள் சேர்த்துக் கொடுத்த அரிசியையும் போர்வையையும் அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தோம்.

பொங்கல் கழிந்த வாரத்தில் தையல்காரர் அண்ணன் தூக்கத்திலேயே காலமானார். அவருக்காக இரண்டு நிமிடம் எழுந்து நிற்க வேண்டுகிறேன்.

நன்றி, உட்காருங்கள். அவர் போன மறுநாள் நடை வைப்பதா வேண்டாமா என்று நாங்கள் யோசித்துக்கொண்டிருந்தபோது, சிறுபாலத்தில் உட்கார்ந்த அந்த அம்மா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வரிசையின் கடைசியில் போய் நின்றார். நாங்களும் கிளம்பினோம்.

மார்ச் மாதம் ரமலான் நோன்பு. பழைய பேட்டையிலிருந்து வரும் சகோதரிகளில் பெரும்பாலோர் சாயங்காலம் வர முடியவில்லை. நோன்பு திறந்த பிறகு தங்கள் தெருவுக்குள்ளேயே எட்டு நிமிடம், பத்து நிமிடம் நடந்ததாகச் சொன்னார்கள். அதை வருகைப் பதிவேட்டில் எழுதலாமா என்று காலைக் குழுவில் ஒரு சர்ச்சை. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், ஒரே மூச்சில் குறைந்தது பத்து நிமிடம் இருக்க வேண்டும் என்ற பழைய நிபந்தனையையே எடுத்துவிட்டது. எத்தனை நிமிடமானாலும் கணக்கில் சேரும். எனவே எழுதியிருக்கிறோம். மறுப்பவர்கள் அந்த நிறுவனத்துக்கு மனு போடலாம்.

நடக்காத காரியங்களையும் சொல்லிவிடுகிறேன். மலையடிவாரத் திருப்பத்தில் இரண்டு தெருவிளக்குகள் எரிவதில்லை. மூன்று மனு கொடுத்தோம், மூன்றுக்கும் ரசீது பத்திரமாக இருக்கிறது. மார்கழியில் ஆறு மணிக்கே இருட்டிவிட்டதால் அந்த மாதம் மட்டும் பாதையைச் சுருக்கினோம். நாய்த் தொல்லை அப்படியே இருக்கிறது. வழியில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லாததால் சிலர் தண்ணீர் குடிக்காமலேயே வருகிறார்கள். இதை அவர்கள் என்னிடம் சொல்லவில்லை, என் மனைவியிடம் சொன்னார்கள். செயற்குழுவில் இதுவரை பெண்கள் இல்லை. இன்றைய தேர்தலில் இரண்டு இடங்களுக்கு மாலைக் குழுவிலிருந்து பெயர்கள் வந்திருக்கின்றன. போட்டியில்லாமல் விட்டுவிடுமாறு காலைக் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறேன்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். மருத்துவருக்கும், பெட்டிக்கடைக்காரருக்கும், தன்னார்வலர் அக்காவுக்கும் சங்கத்தின் நன்றி.

கடைசியாக ஒன்று. 'கடைசி ஆள்' பட்டியலில் வரும் மாதம் நாலு செவ்வாய்க்கிழமையும் காலியாக இருக்கிறது. காலைக் குழுவில் எல்லோரையும்விட வேகமாக நடப்பவர்களாகப் பார்த்துத்தான் பெயர் கேட்கப்போகிறேன். முதல் செவ்வாய்க்கு என் பெயரை எழுதிவிட்டேன். பை பொருளாளர் வீட்டில் இருக்கிறது. மிட்டாய் தீர்ந்திருந்தால் வாங்கிப் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்
கிருஷ்ணகிரி