அரையாண்டு விடுமுறைக்கு ஒரே ஒரு வீட்டுப்பாடம்

குன்னூர்,
17-12-2025

அன்புள்ள பெற்றோருக்கு, வணக்கம்.

அரையாண்டுத் தேர்வு 23-ஆம் தேதி முடிகிறது. மறுநாளிலிருந்து விடுமுறை. இந்த முறை நோட்டில் எழுதும் வேலை எதுவும் கொடுப்பதில்லை என்று ஆசிரியர்கள் எல்லோரும் கூடிப் பேசி முடிவு செய்திருக்கிறோம். சார்ட் வேண்டாம், தெர்மோகோல் குடில் வேண்டாம். (அந்தக் குடிலை ராத்திரி உட்கார்ந்து வெட்டி ஒட்டுவது யார் என்று எங்களுக்கும் தெரியும், அப்பாக்களே.) அதற்குப் பதிலாக ஒன்று கேட்கிறோம். வீட்டில் பண்டிகைப் பலகாரம் செய்யும்போது பிள்ளைகளை அடுப்படியில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தால் போதாது, கையில் வேலை கொடுங்கள். பையன்களுக்கும்தான்.

டிசம்பர் பிறந்துவிட்டால் நம் ஊர் பேக்கரிகளில் பிளம் கேக் அடுக்கிவிடுகிறார்கள். வாங்கிக்கொள்வதில் ஒரு தப்பும் இல்லை. பகலெல்லாம் கொழுந்து பறித்துவிட்டு எஸ்டேட் லயன் வீட்டுக்குத் திரும்பும் அம்மா, மாவு பிசைய உட்காரவில்லை என்று யார் குறை சொல்ல முடியும்? ஆனால் நம் பள்ளிக் குடும்பங்கள் பல ஊர்களிலிருந்து இந்த மலைக்கு வந்து சேர்ந்தவை. நாகர்கோவில், திருநெல்வேலிப் பக்கத்து வீடுகளில் முந்திரிக்கொத்து இல்லாமல் கிறிஸ்துமஸ் கிடையாது. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்தவர்களில் சிலர் ரவையும் முந்திரியும் சேர்த்துக் கேக் செய்வார்கள். இதெல்லாம் கைப்பக்குவம் அறிந்த பாட்டிமாரிடம்தான் இருக்கிறது. அவர்களும் பேரப்பிள்ளைகளும் ஒரே வீட்டில் சேர்ந்து இருப்பது இந்தப் பன்னிரண்டு நாள்தான்.

அதோடு, எட்டாம் வகுப்புக்கு மேல் நாங்கள் கரும்பலகையில் கஷ்டப்பட்டுச் சொல்லிக்கொடுக்கும் அறிவியல் பாதி அடுப்படியிலேயே கிடக்கிறது. குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே தண்ணீர் 100 டிகிரிக்குக் காத்திருப்பதில்லை, 94 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். காற்றழுத்தம் குறைவு என்பதுதான் காரணம். அதே காரணத்தால்தான், சென்னையிலிருந்து சித்தி அனுப்பிய அளவை அப்படியே பின்பற்றினால் கேக் முதலில் மளமளவென்று எழும்பி, பிறகு நடுவில் கிணறு மாதிரி குழிந்துவிடுகிறது. மாவுக்குள் இருக்கும் காற்றுக்குமிழிகள் இங்கே அதிகமாக விரிகின்றன. மாவு வெந்து இறுகுவதற்குள் அவை உடைந்துவிடுகின்றன. பேக்கிங் பவுடரைக் கால் பங்கு குறைத்து, பால் ஒரு கரண்டி கூட்டி, ஓவன் சூட்டைப் பத்து டிகிரி ஏற்றிப் பிள்ளைகள் பார்க்கட்டும். ஓவன் இல்லாத வீட்டில் குக்கருக்குள் உப்பு பரப்பிச் செய்யலாம். தெரிந்த பேக்கரியில் கலவையைக் கொடுத்துச் சுட்டு வாங்குவதும் நல்ல வழிதான்.

பாகு இன்னும் சுவாரசியம். சமவெளிக்காரர் எழுதிய குறிப்பில் இத்தனை டிகிரி என்று போட்டிருந்தால், இங்கே அந்தச் சூட்டுக்கு வருவதற்குள் பாகு முற்றிவிடும். கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு உருட்டிப் பார்க்கிறார்களே பாட்டிமார், அந்தச் சோதனை எந்த உயரத்திலும் பொய்க்காது. அதிரசத்துக்கு எந்தப் பதம், முந்திரிக்கொத்துக்கு எந்தப் பதம் என்று பிள்ளைகள் தங்கள் விரலால் தொட்டுத் தெரிந்துகொள்ளட்டும் (ஆறிய பிறகு!). தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைவதையும், ஆப்ப மாவு இந்தக் குளிரில் அடுப்பு பக்கத்தில் வைக்காமல் பொங்க மறுப்பதையும், மூடாமல் விட்ட அச்சுமுறுக்கு ஒரே மூடுபனியில் நமுத்துப்போவதையும் கவனிக்கச் சொல்லுங்கள். ஏன் என்று அவர்கள் கேட்டால், பதில் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, வகுப்புக்கு வந்து கேட்கட்டும்.

ஜனவரி 5, திங்கட்கிழமை பள்ளி திறக்கும்போது ஒவ்வொருவரும் ஒரு பலகாரத்தின் செய்முறையை ஒரு பக்கத்தில் எழுதி வர வேண்டும். யாரிடம் கேட்டார்களோ அவர் பேச்சு அப்படியே இருக்கட்டும். பாட்டி "கண்ணளவு" என்று சொன்னால், பிள்ளை அதை ஒரு முறை அளந்து பார்த்துப் பக்கத்தில் குறித்துக்கொள்ளலாம். பழைய ஆழாக்கு வீட்டில் இருந்தால் ரொம்ப நல்லது. ஓர் ஆழாக்கு சுமார் 168 மில்லி, எட்டு ஆழாக்கு ஒரு படி. இணையத்திலிருந்து பார்த்து எழுதியதை எங்கள் தமிழாசிரியர் இரண்டாவது வரியிலேயே கண்டுபிடித்துவிடுவார். கிறிஸ்துமஸ் கொண்டாடாத வீடுகள் தங்கள் பண்டிகைப் பலகாரத்தை எழுதலாம். நோன்புக் கஞ்சி, பொங்கல், படுகர் வீட்டு எண்ணெஹிட்டு, எதுவானாலும் சரி. பலகாரத்தைப் பள்ளிக்குக் கொண்டுவர வேண்டாம், எழுதிய தாள் போதும். இதற்கென்று யாரும் ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யக் கூடாது.

அக்கம்பக்கத்துக்குத் தட்டு கொடுத்தனுப்பும்போது ஒன்று பார்த்துக்கொள்ளுங்கள். இது மார்கழி. மாலை போட்டவர்கள் இருப்பார்கள், படுகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகைக்கு விரதம் இருப்பவர்களும் இருப்பார்கள். முட்டை சேர்க்காத அதிரசமும் முறுக்கும் தனித் தட்டில் போகட்டும். எந்தத் தட்டு எந்த வீட்டுக்கு என்று பிள்ளைகளையே பிரித்து வைக்கச் சொன்னால் தெருவையே புரிந்துகொள்வார்கள். பிளாஸ்டிக் பைக்கு நம் மாவட்டத்தில் தடை இருப்பது உங்களுக்குத் தெரிந்ததே. எவர்சில்வர் டப்பா இருக்கிறது.

அப்புறம், கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியவை. கொதிக்கும் எண்ணெய்ச் சட்டிப் பக்கம் பெரியவர்கள் மட்டும் நிற்கட்டும்; சின்னப் பிள்ளைகளுக்கு உருட்டுவது, பிரிப்பது, சலிப்பது போதும். பொரித்த எண்ணெயையும் பாகுப் பாத்திரம் கழுவிய தண்ணீரையும் வீட்டுப் பின்னால் கொட்டாதீர்கள். அந்த வாசம் கரடிக்குப் போதும், கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வந்துவிடும். வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாட, கேரல் ரவுண்ட்ஸுக்குப் போகும் பிள்ளைகளோடு டார்ச்சும் ஒரு பெரியவரும் கட்டாயம் போக வேண்டும். காட்டெருமை ரோட்டில் நின்றால் அது நகரும்வரை காத்திருங்கள்.

எல்லாவற்றிலும் முக்கியம்: சொந்தக்காரர்கள் நிறையப் பேர் வந்து தங்குகிறார்கள், குளிர் தாங்கவில்லை என்று கரியடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திப் படுக்காதீர்கள். கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். மலையூர்களில் இப்படி உயிர் போன செய்திகளை நீங்களும் படித்திருப்பீர்கள். விருந்தாளிகளுக்கு இன்னொரு கம்பளி கொடுங்கள், கரிச்சட்டி வேண்டாம்.

கீழேயிருந்து சொந்த வண்டியில் வருபவர்களை நம் மாவட்டத்துக்குள் வர இணையத்தில் வாங்கும் இ-பாஸ் எடுத்துவிட்டுக் கிளம்பச் சொல்லுங்கள். 2024 மே மாதத்திலிருந்து அது கட்டாயம். பஸ்ஸில் வந்தால் அந்தக் கவலை இல்லை.

எழுதிய தாளை 5-ஆம் தேதி காலை வகுப்பாசிரியரிடம் கொடுத்தால் போதும். எண்ணெய்க் கறை படிந்திருந்தால் மாற்றி எழுதச் சொல்ல மாட்டோம்.

அனைவருக்கும் கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாழ்த்துகள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்