பார்வையற்ற மாணவருக்கும் பாடநூல் அதே நாளில் கிடைக்கட்டும்

தமிழ்நாட்டு அரசுப் பல்கலைக்கழகங்களின் மதிப்பிற்குரிய துணைவேந்தர்களுக்கும் பதிவாளர்களுக்கும், வணக்கம்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் உயர்கல்வியில் ஐந்து விழுக்காட்டுக்குக் குறையாத இடங்களை எங்களுக்கென ஒதுக்கச் சொல்கிறது. அப்படி இடம் பெற்று வரும் பார்வையற்ற மாணவர் எதைப் படிப்பது என்பதோ, இன்றும் அந்தந்த ஆசிரியரின் நல்லெண்ணத்தைப் பொறுத்தே அமைகிறது.

வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் வரும் பாடக்குறிப்புகளில் பல, ஜெராக்ஸ் பக்கங்களை ஸ்கேன் செய்த பிடிஎஃப் கோப்புகள். கணினிக்கு அவை வெறும் படங்கள் என்பதால், திரையிலுள்ள எழுத்தைக் குரலாக வாசித்துக் காட்டும் திரைவாசிப்பான் மென்பொருள் அவற்றில் ஒரு சொல்லையும் படிக்காது. தட்டச்சு செய்த கோப்பே வந்தாலும், அது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கும் பழைய பாமினி எழுத்துருவில் இருந்தால் ‘அம்மா’ என்ற சொல் ‘எம், கே, செமிகோலன், கே, எச்’ என்றுதான் எங்கள் காதில் விழும். படத்தை எழுத்தாக்கும் மென்பொருள்கள் தமிழுக்கும் இருக்கின்றன. ஆனால் சங்கப் பாடலும் உரையும் அடிக்குறிப்பும் ஒரே பக்கத்தில் நெருங்கி நிற்கும் பழைய பதிப்புகளில், பாட்டின் அடி எங்கே முடிந்தது, உரை எங்கே தொடங்கியது என்று தெரியாதபடி அனைத்தும் கலந்துவிடுகின்றன. தோழர்கள் வாசித்து ஒலிப்பதிவு செய்து தருகிறார்கள், அந்த அன்புக்கு நாங்கள் என்றும் கடன்பட்டவர்கள். ஆயினும் தேர்வு நெருங்கும் வேளையில் அவர்களும் படித்தாக வேண்டும், பல்கலைக்கழகத்தின் கடமையை அவர்கள் தோளில் ஏற்றுவது முறையன்று.

பதிப்புரிமை இதற்குத் தடையாகாது. பதிப்புரிமைச் சட்டத்தின் 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, மாற்றுத்திறனாளிகள் படிக்கத்தக்க வடிவில் நூல்களை லாப நோக்கின்றி மாற்றித் தரச் சட்டமே இடமளிக்கிறது. இதே நோக்கில் உருவான மராகேஷ் உடன்படிக்கையை 2014இல் உலகிலேயே முதலாவதாக ஏற்று உறுதிசெய்த நாடு இந்தியா.

தொலைநிலைக் கல்விக்காகத் தாங்களே அச்சிடும் நூல்களிலிருந்து இப்பணியைத் தொடங்கலாம். அவற்றின் மூலக்கோப்புகளை அச்சகத்திடமிருந்து கேட்டுப் பெற்று, கணினி தமிழ் எழுத்தாகவே அறிந்துகொள்ளும் யூனிகோடு முறைக்கு மாற்றி, தலைப்புகளை முறையாக அமைத்து, படங்களுக்கும் வரைபடங்களுக்கும் இரண்டு மூன்று வரிகளில் விளக்கம் சேர்த்தால் போதும். மற்ற நூல்களுக்கு, பாடத்திட்டம் முடிவானவுடன் பட்டியலை நூலகத்துக்கு அனுப்பி, மாற்றும் பொறுப்பை ஓர் அலுவலரிடம் பெயர் குறிப்பிட்டு ஒப்படைக்க வேண்டும். பிழைதிருத்தத்துக்கு ஊதியமும் ஒதுக்க வேண்டும். ஊதியமில்லாத பணி பாதியிலேயே நின்றுவிடுகிறது.

யாருக்கு எந்த வடிவம் தேவை என்பதைச் சேர்க்கை விண்ணப்பத்திலேயே கேட்டறிந்து, மற்ற மாணவர்களுக்குப் பாடநூல் கிடைக்கும் அதே நாளில் இவர்களுக்கும் கிடைக்கச் செய்யுமாறு, அடுத்த செமஸ்டர் தொடங்குமுன் எல்லாத் துறைகளுக்கும் சுற்றறிக்கை அனுப்ப வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
பார்வையற்ற முதுகலை மாணவர் ஒருவர்