டோபிக் கடை அண்ணனுக்கும், கூட நின்ற எல்லாருக்கும்

பினாங்கு, கோலாலம்பூர், கிள்ளான் நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

தென்மாவட்டங்களுக்கு ஓர் ஐஐடி கேட்டு நாம் கையெழுத்து வாங்கிய மனுக் கட்டு ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. நேற்று ராத்திரி மதுரையிலிருந்து போட்டோ வந்தது: எம்பி அலுவலக மேசையில் நம்முடைய தாள்கள், பக்கத்திலேயே முத்திரை குத்திய ரசீது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது. தாளெல்லாம் நனைந்துபோன அந்த ஞாயிற்றுக்கிழமை என்ன ஆனது என்று இங்கே மறுபடி சொல்லப் போவதில்லை. பாதிப் பேர் கூடவே நனைந்தீர்கள், மீதிப் பேர் வாட்ஸ்அப்பில் பார்த்துப் பதறினீர்கள், அது போதும்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறையப் பேர். ஆனால் ஒருவரைப் பற்றி மட்டும் கொஞ்சம் அதிகமாகவே எழுதப் போகிறேன், மற்றவர்கள் கோபித்துக்கொள்ளாதீர்கள். பெயர் போட வேண்டாம் என்று அவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆயர் ஈத்தாம் சாலையில் டோபி காட் பக்கம் கடை வைத்திருக்கிறார், அறுபது தாண்டியவர், அவ்வளவுதான் சொல்வேன். அந்தப் பகுதியைத் தெரியாத கேஎல்காரர்களுக்காக: 19ஆம் நூற்றாண்டிலேயே நம் ஆட்கள் அந்த ஆற்றங்கரையில் துணி வெளுக்கத் தொடங்கிய இடம் அது. இப்போது மெஷின் வந்துவிட்டது, ஆனாலும் சில வீட்டு வாசலில் இன்னும் கொடிக்கயிறு நிறைய வெள்ளைத் துணி ஆடும்.

தாள் நனைந்ததும் ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். மைக்ரோவேவ் என்றார் ஒருவர். ஹேர் டிரையர் என்றார் இன்னொருவர், அதில் இரண்டு தாள் சுருண்டு கிழிந்தது. போட்டோ எடுத்து அனுப்பிவிடலாமே என்று பலர் கேட்டீர்கள். மக்களவை மனுக் குழுவுக்குப் போகிற மனுவுக்கு அது ஆகாது. பெயர், முகவரி, கையெழுத்து அல்லது கைநாட்டு இருக்க வேண்டும், கோரிக்கை வாசகம் ஒவ்வொரு தாளின் தலையிலும் இருக்க வேண்டும், ஓர் எம்பி மேலொப்பம் போட வேண்டும். அசல் தாளாகவே வரட்டும், பின்னால் யாரும் குறை சொல்லக் கூடாது என்று ஊரில் இருப்பவர்கள் முன்பே சொல்லியிருந்தார்கள். திரும்ப வாங்கலாம் என்றால், கையெழுத்துப் போட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் பட்டர்வொர்த், கூலிம் பக்கம் ஷிஃப்டில் வேலை பார்க்கிற பிள்ளைகள். மறுநாள் சாயங்காலம் கேஎல்லிலிருந்து திருச்சி விமானத்தில் ஏறுகிறவர் கையில் கட்டைக் கொடுத்தாக வேண்டும். இந்த நிலைமையில்தான் நம்ம சிவகங்கைத் தம்பி, "துணி காய வைக்கிறவங்களுக்குத்தானே ஈரத்தைப் பத்தித் தெரியும்" என்று சொல்லி என்னைக் காடியில் ஏற்றினான்.

போனபோது கடை பாதி சாத்தியிருந்தது. அண்ணனுக்கு எங்களை முன்னே பின்னே தெரியாது. பிளாஸ்டிக் பையைத் திறந்து பார்த்தார், ஒட்டிக் கிடந்த தாள்களை நான் பிரிக்கப் போனதும் கையைத் தட்டிவிட்டார். "இழுக்காத தம்பி. ஈரம் இருக்கையில இழுத்தா கிழியும், கொஞ்சம் காஞ்சா அதுவா விடும்." ஏதோ ஹோட்டலுக்குத் தேய்த்து அடுக்கி வைத்திருந்த வெள்ளை மேசை விரிப்புகளை எடுத்து விரித்தார். நடுவில் தாள் கட்டை அப்படியே வைத்து, மேலே இன்னொரு விரிப்பு போட்டு, உள்ளங்கையால் ஒத்தி ஒத்தி எடுத்தார். விரிப்பு ஈரமானதும் வேறு மாற்றினார். இப்படி ரொம்ப நேரம் போன பிறகுதான் ஓரத்தில் தாள் தாளாகப் பிரியத் தொடங்கியது.

அப்புறம் தேய்ப்பு. ஆவியை நிறுத்திவிட்டு, சூட்டைக் குறைத்து வைத்து, தாளின் மேலும் கீழும் பழைய வேட்டித் துணி வைத்து, ஒரே பக்கமாகத் தேய்த்தார். முதல் சில தாள்கள் நன்றாக வந்தன. அடுத்ததில் நிறுத்திவிட்டார். வேட்டியில் நீலமாக ஒரு கையெழுத்து தலைகீழாகப் பதிந்திருந்தது. "இது ஜெல் பேனா. சூடு பட்டா ஓடும்." அதிலிருந்து ஒவ்வொரு தாளையும் விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். பால்பாயிண்ட் எல்லாம் ஒரு பக்கம் போனது, ஜெல் பேனாவும் மைப்பேனாவும் இன்னொரு பக்கம். முதல் குவியல் தேய்ப்புப் பெட்டிக்குக் கீழே, இரண்டாவது குவியல் ஃபேனுக்குக் கீழே. ஃபேன் காற்றில் பறக்காமல் இருக்கத் தாளுக்கு இரண்டு துணிக்கிளிப் போட்டுக் கயிற்றில் மாட்டினோம். அவருடைய மனைவி கோப்பி ஓ போட்டுக்கொண்டு வந்து பார்த்துவிட்டு, "என்னங்க இது, கல்யாணப் பத்திரிகையா?" என்று கேட்டுச் சிரித்தார்.

ஜெல் பேனாத் தாள்களில் சில போய்விட்டன, உண்மைதான். மற்றதெல்லாம் பிழைத்தது. விடியக் காலை கட்டைக் கட்டும்போது, நீலக் கறை படிந்த ஹோட்டல் விரிப்புகளைத் திரும்பவும் ஊற வைத்துக்கொண்டிருந்தார். காசு கொடுத்தேன், வாங்கவில்லை. மறுபடி கேட்டதற்கு, "அடுத்த வாட்டி எல்லாருக்கும் பால்பாயிண்ட் பேனா வாங்கிக் குடு, அந்தக் காசுக்கு" என்றார்.

இதோடு முடிந்திருந்தால் இது வெறும் உபகாரம், ஒரு பெட்டி பழம் வாங்கிக் கொடுத்து முடித்திருக்கலாம். ஆனால் தேய்த்துக்கொண்டே அவர் மனுவைப் படித்துவிட்டார். ஒவ்வொரு தாளின் தலையிலும் அதே வாசகம் இருக்கிறதே, எத்தனை முறை கண்ணில் பட்டிருக்கும்! தென்மாவட்டங்களுக்கு ஓர் ஐஐடி வேண்டும், ஐநூறு ஏக்கர் நிலம் தர வழி இருக்கிறது என்று நாம் போட்டிருந்தோம். முதலில், நம்ம மலேசியப் பிள்ளைகளும் அங்கே படிக்க முடியுமா என்று கேட்டார். முடியும், வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு 10 சதவீதம் வரை கூடுதல் இடம் உண்டு, ஜேஇஇ நுழைவுத் தேர்வில் மெயின் எழுத வேண்டாம், நேரே அட்வான்ஸ்டு எழுதலாம், ஆனால் அது கஷ்டமான பரீட்சை, கட்டணமும் அதிகம் என்று சொன்னேன். சரி என்று தலையாட்டினார். கொஞ்ச நேரம் கழித்து, பெட்டியைத் தூக்கி நிறுத்திவிட்டுக் கேட்டார்: "ஐநூறு ஏக்கர்னு போட்டிருக்கியே தம்பி, யாரு இடம் அது?"

புறம்போக்கு நிலம்தான் என்றேன். "புறம்போக்குன்னா ஆடு மாடு மேயாதா? யாரும் குடிசை போட்டிருக்க மாட்டாங்களா?" என்றார். அப்புறம் கம்போங் புவா பாலாவைப் பற்றிச் சொன்னார். குளுகோரில் மாடு வளர்த்த தமிழர் கிராமம், 2009இல் இடித்துவிட்டார்கள், பினாங்கில் இருக்கும் நம் எல்லாருக்கும் தெரிந்த கதைதான். அவருக்குச் சொந்தக்காரர்கள் இருந்த இடமாம். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை, அடுத்த தாளை எடுத்துவிட்டார்.

எனக்கு அது முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. இவ்வளவு நாளும் நாம் கூடிப் பேசியதெல்லாம் வேறு. நாட்டில் 23 ஐஐடி இருக்கிறது, தமிழ்நாட்டில் 1959இல் வந்த சென்னை ஒன்றுதான். திருச்சியில் என்ஐடி இருக்கிறதே என்பார்கள், அது 1964இல் ஆர்இசியாக, அதாவது மண்டலப் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கியது, அதற்குத் தெற்கே என்ன இருக்கிறது? 2014 பட்ஜெட்டில் ஒரே மூச்சில் ஐந்து அறிவித்தார்களே, நம் பெயர் ஏன் வரவில்லை? 2025 பட்ஜெட்டில் புதிதாக ஒன்றும் இல்லை, பின்னால் வந்த ஐந்து ஐஐடிகளில் 6,500 இடம் கூட்டுவதாகத்தான் சொன்னார்கள், அப்படியானால் நாம் இன்னும் எவ்வளவு சத்தம் போட வேண்டும்? இப்படியே போனது பேச்சு. பக்கத்து மாநிலமான கர்நாடகத்தில் ராய்ச்சூர்க்காரர்கள் பட்ட பாட்டையும் பேசினோம். மாநிலத்தின் பின்தங்கிய பகுதிகளை ஆராய்ந்த நஞ்சுண்டப்பா கமிட்டியே அந்த ஊரைச் சொல்லியிருந்தும் ஐஐடி தார்வாடுக்குப் போனது, அவர்களுக்கு 2019இல் ஐஐஐடி என்ற தகவல் தொழில்நுட்பக் கல்வி நிறுவனம்தான் வந்தது. நம்மவர்களே மதுரையா, காரைக்குடியா, நெல்லையா என்று சண்டை போட்டதும் உண்டு. எய்ம்ஸ் விஷயத்தில் தஞ்சாவூர், பெருந்துறை, புதுக்கோட்டை, செங்கல்பட்டு, மதுரை என்று இழுபறி நடந்ததையும், 2015இல் அறிவித்த எய்ம்ஸுக்கு 2019இல்தான் அடிக்கல் விழுந்ததையும், 2022இல் முதல் 50 பிள்ளைகளை ராமநாதபுரம் மருத்துவக் கல்லூரியில் உட்கார வைத்ததையும் பார்த்த பிறகும் ஊர்ச் சண்டை போடுகிறோம் என்றால் நம்மை என்ன சொல்வது.

ஆனால் யார் நிலம் என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. கோவாவில் ஐஐடிக்கு மெலாவ்லியில் இடம் குறித்தபோது ஊர் ஜனங்களே மறித்து நின்றார்கள், பெண்கள்தான் முன்னால். 2021 ஜனவரியில் அரசாங்கம் அந்த இடத்தை விட்டுவிட வேண்டியதாயிற்று. படிப்பு வேண்டாம் என்றா அவர்கள் நின்றார்கள்? முந்திரியும் வயலும் போய்விடும் என்றுதான். நம் பக்கத்திலேயே வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. மலாயாவில் ரப்பர் தோட்டம் வைத்திருந்த அழகப்பச் செட்டியார், காரைக்குடியில் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்துத்தான் சிக்ரி வந்தது. 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953இல் திறந்தார்கள். மின்வேதியியலுக்கு என்று ஒரு தேசிய ஆய்வு நிலையம், செட்டிநாட்டுப் பொட்டல்வெளியில்! எங்கள் தாத்தா அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போதெல்லாம் கையெடுத்துக் கும்பிடுவார், கோயில் என்று நினைத்தாரோ என்னவோ.

அதனால் அன்று காலை பட்டர்வொர்த்திலிருந்து ரயிலில் போகும்போதே, ஊரில் இருக்கும் குழுவோடு போனில் பேசி, மனுவோடு போகும் முகப்புக் கடிதத்தில் ஒரு பத்தி சேர்க்க வைத்தேன். குடியிருப்பையும் மேய்ச்சல் நிலத்தையும் கண்மாயையும் தொடாத இடமாக இருக்க வேண்டும், அந்தந்த ஊர் கிராமசபையில் கேட்ட பிறகே இடம் குறிக்க வேண்டும் என்று. குழுவில் இரண்டு பேருக்குப் பிடிக்கவில்லை, கேட்கும்போதே நாமே ஏன் நிபந்தனை போடுகிறோம் என்றார்கள். நியாயமான கேள்விதான். ஆனாலும் சேர்த்துவிட்டோம்.

மற்றவர்களுக்கு வருகிறேன். மேசையும் நாற்காலியும் கொடுத்து, வியாபார நேரத்தில் வாசலையும் விட்டுக்கொடுத்த நாசி கண்டார் சோற்றுக் கடை பாய்க்கு. முகவரி சரிபார்த்துத் தட்டச்சு செய்த யுஎஸ்எம் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) மாணவிகளுக்கு, இந்தப் பிள்ளைகள் மலேசியக் குடிமக்கள், மனுவில் கையெழுத்துப் போட முடியாது, ஆனாலும் ராத்திரி முழுக்கக் கூட இருந்தார்கள். தனியாக ஆதரவுக் கடிதம் எழுதிக் கொடுத்த மலேசிய நண்பர்களுக்கு. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் என்னோடு வேலை பார்க்கும் பாலக்காட்டுக்காரருக்கு, கேரளா பல வருஷம் கேட்டுக் கேட்டு 2015இல் பாலக்காட்டில் ஐஐடி வந்ததும், சொந்தக் கட்டடம் இல்லாமல் அஹல்யா வளாகத்தில் வகுப்பு தொடங்கியதும், சென்னை ஐஐடி கைபிடித்து நடத்தியதும் என்று எல்லாம் விளக்கிச் சொன்னவர் அவர்தான். பிரிக்ஃபீல்ட்ஸில் கட்டை வாங்கி விமான நிலையம்வரை கொண்டுபோய்ச் சேர்த்த அக்காவுக்கு. லெபோ அம்பாங் பக்கத்திலிருந்து பழைய தாள்களும் தகவல்களும் தேடிக் கொடுத்த நகரத்தார் பெரியவருக்கு. பட்டியலில் விட்டுப்போனவர்கள் போன் போட்டுத் திட்டுங்கள், சேர்த்துவிடுகிறேன்.

ஐஐடி வருமா வராதா, எனக்குத் தெரியாது. சட்டத் திருத்தம் நாடாளுமன்றத்தில் வர வேண்டும், பணம் ஒதுக்க வேண்டும், மாநில அரசு நிலம் தர வேண்டும், இடம் பார்க்கும் குழு வர வேண்டும், நம்முடையது அந்தக் குவியலில் ஒரு கட்டு. ஆனால் ஒன்று. இடங்களின் பட்டியல் என்று எது வந்தாலும், எந்த ஊராக இருந்தாலும், அது எங்கள் சொந்த ஊராகவே இருந்தாலும், சர்வே எண் எடுத்து அங்கே யார் இருக்கிறார்கள் என்று ஊரில் ஆள் விட்டுப் பார்க்காமல் இனி ஆதரவுக் கையெழுத்து கேட்டு உங்கள் யாரிடமும் வர மாட்டேன். அடுத்த மாதக் கூட்டத்தில் முதல் பேச்சே இதுதான், டோபிக் கடை அண்ணனையும் கூப்பிட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கடை அடைத்த பிறகு என்றால் வருகிறேன் என்றார், அதனால் கூட்டத்தை ராத்திரி எட்டு மணிக்கு மாற்றியாகிவிட்டது, எல்லாரும் வாருங்கள்.