சென்னை வெயில் வேறு, ஃபீனிக்ஸ் வெயில் வேறு

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆகஸ்ட் பிறந்தால் அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் படிக்க நம் பிள்ளைகள் பலர் ஃபீனிக்ஸ் பக்கம் வந்து இறங்குகிறார்கள். பெட்டியைப் பிரிப்பதற்குள் சிலர் கேமல்பேக் மலைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். ஊருக்குள்ளேயே படுத்த ஒட்டகம் மாதிரி தெரியும் மலை. உச்சி 2,704 அடி. எக்கோ கேன்யன் பாதையில் போனால் ஒரு வழிக்கு ஏறக்குறைய 2 கிலோமீட்டர்தான். "சென்னை வெயிலையே பார்த்தாச்சு ஆன்ட்டி, இது என்ன?" என்கிறார்கள். அந்தப் பேச்சுதான் எனக்குப் பயம்.

சென்னையில் சட்டை நனைந்து முதுகில் ஒட்டும். உடம்பிலிருந்து தண்ணீர் போவது நமக்கே தெரியும். இங்கே காற்றில் ஈரம் கிடையாது. வியர்வை வந்த வேகத்தில் காய்ந்துவிடும். தோல் உலர்ந்தே இருப்பதால், உள்ளே நீர் வற்றுவது தலை சுற்றும்வரை தெரியாது. 2023-ல் ஜூன் 30 முதல் ஜூலை 30 வரை 31 நாளும் விடாமல் 110 டிகிரி பாரன்ஹீட்டைத் தொட்டது. அதாவது 43 டிகிரி செல்சியஸுக்கு மேல். பாறை அந்தச் சூட்டை வாங்கி வைத்து, இருட்டிய பிறகும் கக்கும்.

பாதையும் லேசுப்பட்டதல்ல. சில இடங்களில் கம்பியைப் பிடித்துக்கொண்டு பாறையில் ஏற வேண்டும். ஏறுவதைவிட இறங்குவதுதான் ஆபத்து: கால் தளர்ந்திருக்கும், தண்ணீர் தீர்ந்திருக்கும், வெயிலும் ஏறியிருக்கும். கொண்டுபோன தண்ணீரில் பாதி தீர்ந்தால், உச்சி கண்ணெதிரே இருந்தாலும் சரி, திரும்பிவிட வேண்டும்.

2021-ல் மலையில் சிக்கியவர்களை மீட்கப் போன தீயணைப்பு வீரர்களுக்கே வெப்பத்தால் உடம்பு முடியாமல் போனது. அதன் பிறகு, கடும் வெப்ப எச்சரிக்கை உள்ள நாட்களில் கேமல்பேக் பாதைகளைப் பகலில் மாலை 5 மணி வரை நகர நிர்வாகம் மூடுகிறது. மூடாத நாளிலும் கோடையில் விடிந்ததும் ஏறி, வெயிலுக்கு முன் இறங்கிவிடுவதே நல்லது.

மலைக்கே போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. நவம்பர் முதல் மார்ச் வரை அந்த நடைக்கு ஈடில்லை. சகுவாரோ கள்ளிகள் ஆளுயரத்தைத் தாண்டி நிற்கும். அப்புறம், பையில் ஒரு சீப்பு இருக்கட்டும். சோயா (cholla) என்றொரு கள்ளி லேசாக உரசினாலே துண்டாகக் கழன்று ஒட்டிக்கொள்ளும், கையால் பிடுங்கினால் கையிலும் ஏறும்; சீப்பால்தான் நெம்பித் தள்ள வேண்டும்.

வெளிநாட்டுப் படிப்புக்கு வழிகாட்டும் கட்டுரைகளை உங்கள் நாளிதழ் வெளியிடுகிறது. விசா, வங்கிக் கடன் விவரங்களோடு, போகும் ஊரின் தட்பவெப்பம் பற்றியும் ஒரு பத்தி சேர்க்க வேண்டுகிறேன். அது ஜூலை கடைசியில் வெளிவந்தால் இங்கே வரும் பிள்ளைகளின் பெற்றோர் கண்ணில் படும்.

ஒரு வாசகி,
சாண்ட்லர், அரிசோனா