பழுது தெரிந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள்: கிராபிக்ஸ் டிரைவர் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

கணினித் திரையில் படத்தைக் காட்டவைக்கும் மென்பொருளான கிராபிக்ஸ் டிரைவரைப் பராமரிக்கும் அன்பர்களுக்கும், எங்கள் லினக்ஸ் இயங்குதளத்தின் வெளியீட்டுக் குழுவினருக்கும் வணக்கம்.

கும்பகோணத்தில் சின்னதாக ஒரு டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், பில் புக், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், இவைதான் பிழைப்பு. திருட்டு மென்பொருளில் சம்பாதிக்க மனம் ஒப்பாமல் 9 வருடம் முன்பு லினக்ஸுக்கு வந்தேன். இன்க்ஸ்கேப், ஸ்கிரைபஸ், கிம்ப் என்ற வடிவமைப்பு மென்பொருள்கள் மூன்றும்தான் எனக்குச் சோறு போடுகின்றன. அந்த நன்றியோடுதான் இதை எழுதுகிறேன்.

அப்கிரேடு செய்த மடிக்கணினிகள் ஹேங் ஆவதைப் பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பயனர்கள் பழுதுகளைப் புகார் செய்யும் உங்கள் வழுப் பதிவேட்டில் அது ஏற்கெனவே இருக்கிறது. நான் அப்கிரேடு பொத்தானை அழுத்தியதற்கு 4 மாதம் முன்பே அங்கே இருந்திருக்கிறது. அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. என் கோபம் முழுவதும் அந்த 4 மாதத்தின் மேல்தான்.

ஓர் இரவைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பதினொரு மணிக்கு மேல் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒருவர் வந்தார். சாயங்காலம் அவருடைய அம்மா இறந்துவிட்டார். விடிவதற்குள் ஊரில் போஸ்டர் ஒட்டியாக வேண்டும். அம்மாவின் படத்தை போனில் கொண்டுவந்திருந்தார். அதோடு ஒரு நோட்டுத் தாளில் மகன்கள், மகள்கள், மருமக்கள், பேரன் பேத்திகள் என்று முப்பதுக்கும் மேல் பெயர்கள். இழவு வீட்டு போஸ்டரில் ஒரு பெயர் விட்டுப்போனால் அது எத்தனை வருடத்துக்குப் பகையாக நிற்கும் என்பது எங்கள் ஊர்ப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். அதனால் அடித்து முடித்ததும் புரூஃப் பார்க்க அவரை உட்காரவைத்தேன். திரையில் விரல் வைத்து ஒவ்வொரு பெயராக வாசித்தார். நான் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டேன். பாதிப் பட்டியலில் அவர் ஓர் எழுத்தைத் திருத்தச் சொன்னபோது அம்பு நகரவில்லை. எந்த விசைக்கும் பதில் இல்லை. பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்து, மறுபடி ஏற்றி, சேமிக்காமல் போன வரிகளை மறுபடி அடித்தேன். மறுபடி புரூஃப். மறுபடி ஹேங். மூன்றாவது தடவையும் அப்படியே நின்றபோது மணி இரண்டு.

"விடுங்க தம்பி, பேரெல்லாம் வேணாம். அம்மா படமும் தேதியும் மட்டும் போட்டுக் குடுங்க, போதும்" என்றார். பெயரில்லாத போஸ்டரோடுதான் அவர் போனார். என்மேல் அவர் ஒரு வார்த்தை கோபப்படவில்லை. அதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

அதன் பிறகு நான் செய்ததெல்லாம் எல்லோரும் செய்வதுதான். ரேம் போயிருக்கும் என்று புது ரேம் வாங்கிப் போட்டேன். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்டை இரவு முழுக்க ஓடவிட்டேன், ஒரு பிழையும் இல்லை. சூடாகிறது என்றார்கள், ஃபேனைத் துடைத்துப் புது பேஸ்ட் வைத்தேன். மெக்கானிக் "போர்டு போயிருச்சு" என்று கையை விரித்தார். கணினி தனக்குள் நடப்பதைக் குறித்துவைக்கும் லாக் ஃபைலைத் திறந்தால், ஹேங் ஆன நிமிடத்தில் பதிவு அறுந்து நின்றது. கடைசியில் ஒருநாள், திரை உறைந்திருக்கும்போதே தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் வழியாக, போனிலிருந்து உள்ளே போக முடிந்தது. கணினி உயிரோடுதான் இருந்தது, திரை மட்டும்தான் செத்திருந்தது. 'ஃபிளிப் டன் டைம்டு அவுட்', அதாவது திரையில் படம் மாறி முடிந்ததற்கான பதில் உரிய நேரத்தில் வரவில்லை என்ற வரியை அங்கேதான் முதன்முதலாகப் பார்த்தேன். அதைப் பிடித்துக்கொண்டு தேடித்தான் உங்கள் பதிவேட்டுக்கு வந்துசேர்ந்தேன்.

காரணம், பேனல் செல்ஃப் ரெஃப்ரெஷ் என்ற வசதி. திரையில் எதுவும் அசையாதபோது, பேனல் (மடிக்கணினியின் திரைப் பாகம்) தன் சொந்த நினைவகத்திலிருந்தே படத்தைக் காட்டிக்கொண்டிருக்கும், கிராபிக்ஸ் சிப் ஓய்வெடுக்கும், பேட்டரி மிச்சமாகும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் என் மாடல் பேனலில் சிப் ஓய்விலிருந்து திரும்பும்போது டிரைவர் தடுக்கி விழுகிறது. அதாவது, திரை அசையாமல் இருக்கும்போதுதான் ஆபத்து. அந்த மனிதர் விரல் வைத்து அம்மாவின் பேரக்குழந்தைகள் பெயரை வாசித்தாரே, அப்போதுதான். வேகமாக அடித்துக்கொண்டிருந்தவரை ஒன்றும் ஆகவில்லை. கவனமாகப் படிக்க நின்றோம், அதனால் மாட்டிக்கொண்டோம்.

கணினியைத் துவக்கிவைக்கும் க்ரப்பில் ஒரே ஒரு வரி சேர்த்து அந்த வசதியை அணைத்தேன். 6 வாரமாக ஒருமுறைகூட ஹேங் ஆகவில்லை. பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் இறங்குகிறது, பரவாயில்லை.

அந்த ஒரு வரி உங்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. அதனால் கேட்கிறேன்: பழுது இருப்பதாகத் தெரிந்த மாடல்களில் அந்த வசதியை நீங்களே அணைத்து அனுப்புங்கள். சரிசெய்த பிறகு திறந்துகொள்ளலாம். குறிப்பிட்ட பேனல்களுக்கு மட்டும் விதிவிலக்கு எழுதும் வழி டிரைவருக்குள்ளேயே இருக்கிறது.

பதிவேட்டில் என்னைப் போன்றவர்களுக்குக் கிடைத்த பதிலையும் படித்தேன். "புதிய கர்னலில் முயன்று பாருங்கள்." "பைசெக்ட் செய்து எந்த மாற்றம் காரணம் என்று சொல்லுங்கள்." கர்னல் என்பது லினக்ஸின் மையக்கரு, டிரைவரும் அதற்குள்தான் இருக்கிறது. ஒரு கர்னல் வெளியீட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மாற்றங்கள் சேர்கின்றன. பைசெக்ட் என்பது அவற்றைப் பாதி பாதியாகப் பிரித்துத் தேடுவது. அப்படித் தேடினாலும் 13, 14 தடவை கர்னலைக் கம்பைல் செய்து புதிதாக உருவாக்க வேண்டும். இந்தப் பழுதோ நினைத்த நேரத்தில் வருவது. ஒரு கர்னல் நல்லது என்று சொல்ல 3 நாளாவது ஓட்டிப் பார்க்க வேண்டும். ஆக 40 நாள். ஒரே மடிக்கணினியில் கடை நடத்துபவனிடம் 40 நாள் கேட்கிறீர்கள். பதில் எழுத முடியாதவர்களின் அறிக்கைகள் "தகவல் வரவில்லை" என்று மூடப்பட்டிருப்பதையும் பார்த்தேன். அவர்களில் எத்தனை பேர் ஆங்கிலம் எழுத வராததால் நின்றுபோனார்களோ!

உங்களில் சம்பளமில்லாமல் இரவு கண்விழித்து உழைப்பவர்களும் உண்டு என்பதை நான் மறக்கவில்லை. உங்களில் பலருக்கு அந்த மாடல் மடிக்கணினியைக் கண்ணால் பார்க்கக்கூட வாய்த்திருக்காது. ஆனால் கர்னலின் சொந்த ஆவணங்களிலேயே 'பின்னடைவு கூடாது' என்ற விதி இருக்கிறது. பழைய கர்னலில் ஓடியது புதியதில் நின்றுபோனால் குற்றம் பயனருடையதல்ல என்பதை லினக்ஸ் கர்னலை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் பல வருடமாக வலியுறுத்திவருகிறார். என் கணினி பழைய கர்னலில் ஓடியது.

வெளியீட்டுக் குழுவினருக்குத் தனியாக ஒன்று. அப்கிரேடு சாளரத்தில் வரும் தமிழ் வரிகளில் சிலவற்றை மொழிபெயர்த்தவன் நான். கடை மூடிய பிறகு உட்கார்ந்து செய்த வேலை அது. எத்தனை மெகாபைட் இறங்கும், எவ்வளவு நேரம் ஆகும் என்றெல்லாம் அதில் வரிகள் உண்டு. "உங்கள் மாடலில் திரை உறைவதாகப் புகார் உள்ளது, இப்போது தொடர வேண்டுமா?" என்ற வரி மொழிபெயர்ப்புக்கு வரவே இல்லை. வந்திருந்தால் அன்றைக்கே தமிழாக்கிக் கொடுத்திருப்பேன், அந்த மாதம் பொத்தானையும் அழுத்தியிருக்க மாட்டேன்.

ஆகவே மறுபடியும் பணிவோடு கேட்கிறேன். பழுது தெரிந்த மாடல்களில் அந்த வசதியை அணைத்து அனுப்புங்கள். அது உடனே முடியாதென்றால், அப்கிரேடு தொடங்குவதற்கு முன்பே அந்தத் திரையில் சொல்லுங்கள்.

போனிலிருந்து எடுத்த லாக், பேனலின் மாடல் விவரம், பழைய கர்னலின் பதிப்பு எண் எல்லாவற்றையும் உங்கள் பதிவேட்டில் சேர்த்திருக்கிறேன். நீங்கள் பேட்ச் (பழுதைச் சரிசெய்யும் திருத்தம்) அனுப்பினால் ஞாயிற்றுக்கிழமைகளில் கடை விடுமுறை, அன்று முழுக்க ஓட்டிப் பார்த்துச் சொல்கிறேன். எச்சரிக்கை வரியின் தமிழையும் இத்துடன் எழுதி அனுப்பியிருக்கிறேன்.

நன்றியுடன்,
கும்பகோணத்திலிருந்து ஒரு டிடிபிக்காரன்